பக்குவம் சொல்லாத குறிப்பு

போன மாதம் என் சித்தி பிரண்டையைப் பச்சையாக மிக்சியில் அடித்து, வடிகட்டி, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்துவிட்டார். மூட்டு வலி போகும், எலும்பு பலப்படும் என்று வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பு. குடித்த ஐந்தாவது நிமிடமே நாக்கும் தொண்டையும் ஊசி குத்துவதுபோல் அரிக்க ஆரம்பித்து, உதடு தடித்து, எச்சில்கூட விழுங்க முடியாமல் தவித்திருக்கிறார். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். ஊசி போட்டு, மாலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

இப்போது நன்றாக இருக்கிறார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சித்தி பிரண்டையை அறியாதவர் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில், வேலி முழுக்கப் பிரண்டை படர்ந்து கிடந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அம்மாச்சி செய்த பிரண்டைத் துவையலைச் சின்ன வயசிலிருந்து சாப்பிட்டவர். ஆனால் அதை அரைத்தது எப்போதும் அம்மாச்சி. சித்தி கையால் ஒருநாளும் பிரண்டையை நறுக்கியதில்லை.

அம்மாச்சி எப்படிச் செய்வார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முற்றியதைத் தொடமாட்டார். கொடியின் நுனியில் நகத்தால் கிள்ளினால் ஒடிகிற இளசு மட்டும்தான். உள்ளங்கை, விரல் இடுக்கு எல்லாம் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார். கணுவை நறுக்கி ஒதுக்கிவிட்டு, நான்கு ஓரத்திலும் இருக்கும் நாரை உரித்து எடுப்பார். அப்புறம் சின்னத் துண்டுகளாக நறுக்கி, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு வதக்குவார். பச்சை நிறம் போய், துண்டுகள் சுருங்கி, ஓரம் பழுப்பாகும்வரை வதக்க வேண்டும். ‘இன்னும் ஆகலை, இன்னும் ஆகலை’ என்று சொல்லிக்கொண்டே கிளறுவார். உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம் தனியே வறுத்து, ஒரு நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்பு எல்லாம் சேர்த்து அம்மியில் அரைப்பார். சூடான சாதத்தில் இன்னும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை.

பிரண்டையில் கால்சியம் ஆக்சலேட் என்கிற உப்பு ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. தொண்டையில் குத்துவது அதுதான். சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரிப்பதும் இதனால்தான், அதனால்தான் அவற்றையும் புளி சேர்த்து வேகவைக்கிறோம். அம்மாச்சிக்குக் கால்சியம் ஆக்சலேட் என்ற பெயர் தெரியாது. ஆனால் எண்ணெய், புளி, இளசு, நார், வதக்கும் நேரம் என்று ஐந்து விஷயம் தெரியும். சித்திக்கு வந்த குறிப்பில் இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. பலன் மட்டும் இருந்தது, அதுவும் கீழே கீழே பதினெட்டு வரி.

என் ஆதங்கம் இதுதான். பாட்டி வைத்தியம், இயற்கை உணவு என்று நம் போனுக்கு வந்து சேர்வதில் முக்கால்வாசி பலன் பட்டியல்தான். நம் பாட்டிமார் விட்டுப்போனது பக்குவம். எவ்வளவு, எதோடு சேர்த்து, எந்தப் பதத்தில், யாருக்குக் கூடாது என்பதுதான் அதில் பெரும்பகுதி. அதை வெட்டி எறிந்துவிட்டு இலையின் பெயரையும் நோயின் பெயரையும் மட்டும் ஒட்டிப்போட்டால் அது நம் பாரம்பரியமே இல்லை.

சுரைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நடப்பது சித்தி விஷயத்தைவிடப் பயங்கரமானது. எடை குறைய, சர்க்கரை குறைய, இதயத்துக்கு நல்லது என்று தினமும் காலையில் பச்சைச் சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறவர்கள் ஏராளம். சாதாரணமாகச் சுரைக்காய் கசக்காது. எப்போதாவது ஒரு காய் கசக்கும். அப்படிக் கசந்தால் அதில் குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் அதிகமாக இருக்கிறது என்று பொருள். அந்தச் சாற்றைக் குடித்துக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று ஆனவர்கள் இருக்கிறார்கள். உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நிபுணர் குழு வைத்து ஆராய்ந்து, அந்த அறிக்கை 2012-ல் வெளியானது. அதில் சொன்ன முதல் அறிவுரை என்ன தெரியுமா? சாறு எடுக்கும் முன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்துப் பாருங்கள், கசந்தால் காயையே தூக்கி எறியுங்கள் என்பதுதான்.

இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அம்மா இன்றைக்கும் சுரைக்காய் அரிந்தால் முதல் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் எதுவானாலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் ‘கசந்தா குழம்பே போச்சு’ என்பார். நிபுணர் குழு சொன்ன பரிசோதனை எங்கள் அடுப்படியில் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஜூஸ் குறிப்பு அனுப்பியவர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டார். விட்டது மட்டுமா, கசந்தால் எலுமிச்சையும் தேனும் கலந்துகொள்ளுங்கள் என்று வேறு எழுதியிருக்கிறார்கள். உடம்பு தருகிற எச்சரிக்கையையே மறைக்கச் சொல்லித் தருவது இது. பாகற்காய் கசப்பு வேறு, அது அந்தக் காயின் இயல்பு. கசந்தால் சர்க்கரைக்கு நல்லது என்று எல்லாக் கசப்பையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். தயவுசெய்து இதை மட்டுமாவது வீட்டில் ஜூஸ் குடிக்கிற பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது என் மகள் விஷயம். பத்தாம் வகுப்பு படிக்கும்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்தது அறிவுரை மழை. மாத்திரை சூடு, விட்டுவிடு. மாதுளை கொடு, பீட்ரூட் கொடு, பேரீச்சம்பழம் கொடு, தானாக ரத்தம் ஊறும். சொன்னவர்கள் எல்லோரும் என் மகள்மேல் பிரியம் உள்ளவர்கள். அதனால் கோபப்பட முடியவில்லை.

மாதுளை நல்ல பழம். ஆனால் அதன் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை. அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியிலிருந்து வருகிறது. பீட்ரூட் சிவப்பு பீட்டாலைன் என்கிற இன்னொரு நிறமி. மாதுளையில் இரும்பு மிகக் கொஞ்சம்தான். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று 2020-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை சொல்கிறது. முருங்கைக்கீரை இதில் எவ்வளவோ மேல், 100 கிராமில் சுமார் 4 மில்லிகிராம் இருக்கும். ஆனால் 100 கிராம் பச்சைக் கீரை வதக்கினால் ஒரு கைப்பிடிதான் வரும். ஏற்கெனவே 9-க்கு இறங்கிய ரத்தத்தை அந்த ஒரு கைப்பிடி மேலே தூக்கிவிடாது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. பாதிக்கு மேல்! பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் குப்பையில் போடுகிறார்கள், வீட்டிலும் ‘வேண்டாம் விடு’ என்கிறோம். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

மாத்திரையை விடாமல் கொடுத்தேன். கூடவே அடுப்படியையும் கொஞ்சம் மாற்றினேன். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. முதல் நாள் சாயங்காலமே கொப்போடு வாங்கி, ஒரு பருத்தித் துணியில் சுற்றி வைத்துவிடுவேன். காலையில் பிரித்து உதறினால் இலை தானாக உதிர்ந்து கிடக்கும், உட்கார்ந்து உருவ வேண்டிய வேலையே இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் கீரையைக் கண்டு பயப்படுவதே இந்த உருவுகிற வேலைக்குத்தான். கடுகு, உளுந்து, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, கீரையைப் போட்டு, கை தெளிக்கிற அளவு தண்ணீர். மூடி போடக் கூடாது, போட்டால் நிறமும் போகும், பச்சை வாடையும் உள்ளேயே நிற்கும். வெந்த பிறகு உப்பு, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை ஒரு கை. அடுப்பை அணைத்துவிட்டு, ஆறினபின் அரை மூடி எலுமிச்சை பிழிவேன். கீரையில் இருக்கும் இரும்பு, ஈரல் கறியில் இருக்கிற இரும்பைப்போல எளிதாக உடம்பில் சேராது. கூடவே வைட்டமின் சி இருந்தால் சேரும் அளவு கூடும். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் குறையும். எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் டீ குடிக்கிற பழக்கத்தை இதற்காகவே நிறுத்தினோம், மகளைவிட அவள் அப்பாவுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது.

மூன்று மாதத்தில் 11.9 ஆனது. ஏற்றியது மாத்திரை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மருத்துவர் சொன்னபடி அதற்குப் பிறகும் சில மாதம் தொடர்ந்தோம், உடம்பில் சேமிப்பு நிரம்ப வேண்டுமாம். மாத்திரை நிறுத்தி ஒரு வருடமாகியும் இறங்காமல் நிற்கிறதே, அதற்குக் கீரைக்கும் கொய்யாவுக்கும் நான் நன்றி சொல்வேன்.

கொய்யா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனைப் பழக்கடையில் கிவியும் டிராகன் பழமும் பளபளவென்று முன்வரிசையில் இருக்கின்றன. கொய்யா கீழே கூடையில். ஆரஞ்சில் 100 கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி. கிவியில் ஏறக்குறைய 90. கொய்யாவில் 200-க்கு மேல். பழநி போகிற வழியில் ஆயக்குடிக் கொய்யாவைக் கூடைகூடையாக வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முன்னால் காரை நிறுத்தாமல் போய், வீட்டுக்கு வந்து வைட்டமின் சி மாத்திரை போடுகிறோம். பல்லுக்கு வேலை கொடுத்து, தோலோடு, கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடுங்கள். ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடும். நாளைக்கு 100 கிராம் பழம் என்று 2024-ல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டி சொல்கிறது. ஒரு நடுத்தரக் கொய்யா போதும்.

தேன் நெல்லிக்காயும் அப்படித்தான். நெல்லிக்காய் என்ற பெயரைப் பார்த்துச் சர்க்கரைக்காரர்களும் தினம் இரண்டு சாப்பிடுகிறார்கள். ஊறியிருப்பது இனிப்பில். அதற்குப் பதில் பச்சை நெல்லிக்காயைத் துருவி, தேங்காய், பச்சைமிளகாய், இஞ்சி அரைத்துச் சேர்த்து, கெட்டித் தயிரில் கலந்து கடுகு தாளித்துப் பாருங்கள். அடுப்பில் ஏற்றவே வேண்டாம், வைட்டமின் சி சூட்டில் குறைகிற சத்து.

‘யாருக்குக் கூடாது’ என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பு, மயக்கம்வரை கொண்டுபோகிற நரம்பு நச்சு அதில் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இளநீர், வாழைப்பழம்கூட அவர்களில் பலருக்கு அளவுதான், பொட்டாசியம் காரணம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது, கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காமாலை பல நோய்களுக்கு அறிகுறி, பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். எதனால் என்று பார்க்காமல் வாரக்கணக்கில் கீழாநெல்லியை மட்டும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இவ்வளவு சொல்வதால் நான் மூலிகைக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தூதுவளை, கற்பூரவல்லி, வல்லாரை மூன்றும் தொட்டியில் இருக்கின்றன. மழைக்காலத்தில் வாரம் ஒருநாள் தூதுவளை ரசம் உண்டு. இலையின் நடு நரம்பில் முள் இருக்கும், கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு நெய்யில் வதக்கி, மிளகு, சீரகம், பூண்டோடு தட்டிப்போட வேண்டும். ரசம் நுரை கட்டியதும் இறக்க வேண்டும், கொதித்தால் கெட்டது. சளியை அது குணப்படுத்துகிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தொண்டைக்கு இதமாக இருக்கிறது, பிள்ளைகள் இன்னொரு டம்ளர் கேட்டுக் குடிக்கிறார்கள். சாப்பாடாகச் செய்கிறேன், சாப்பாட்டு அளவில் செய்கிறேன். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் மருத்துவரிடம் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் எழுபது வயசில் ஒருவர் இருப்பார். அடுத்த தடவை போகும்போது ‘இந்தக் கீரை எதுக்கு நல்லது’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் கூகுளில் கிடைக்கும். ‘எப்படி ஆய்வீங்க, எவ்வளவு புளி, எப்ப இறக்குவீங்க, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பீங்களா’ என்று கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள்.

இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, ‘கணுவை ஒதுக்கிருவாங்கன்னு எழுதியிருக்கியே, உங்க அம்மாச்சி எந்தக் காலத்துல கணுவை வீணாக்குச்சு? ரெண்டு பக்கமும் கொஞ்சம் தண்டு விட்டு வெட்டி, வேலி ஓரமா ஊன்றிவிட்டுத்தான் அடுப்படிக்கே வரும். அப்படி வந்ததுதான் அந்தக் கொடி பூராம்’ என்றார். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு இது தெரியாது. இன்று காலை வாங்கிய பிரண்டையில் ஆறு கணு தேறியது. ஒரு பழைய பெயின்ட் வாளியில் மண் நிரப்பி ஊன்றியிருக்கிறேன். துளிர்த்ததும் இரண்டு சித்தி வீட்டுக்குப் போகும், நல்லெண்ணெய் பாட்டிலோடு.