ஒரே ஒரு பாசிட்டிவ் போதாது

பூனை லுகேமியா வைரஸ் பாசிட்டிவ் என்றாலே பூனை பிழைக்காது என்கிற மாதிரி நான் படித்த ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

லுகேமியா என்றால் ரத்தப் புற்றுநோய், பெயரே பாதி பயத்தைக் கிளப்பிவிடுகிறது. 1964-இல் ஸ்காட்லாந்தில் கால்நடை நோய் ஆய்வாளர் வில்லியம் ஜாரெட் குழுவினர் இந்த வைரஸைக் கண்டது புற்றுநோய் வந்த பூனைகளிடம்தான், அதனால் அந்தப் பெயர். ஆனால் ரத்தசோகையும் எதிர்ப்புச் சக்தி குறைவதும்கூட இதன் வேலைதான்.

கிளினிக்கில் உடனே பார்க்கும் டெஸ்ட், வைரஸின் புரதம் அந்த நேரத்தில் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். சில பூனைகளின் உடல் வைரஸை அடக்கிவிடும். முழுதாகப் போகாது, எலும்பு மஜ்ஜையில் ஒளிந்திருக்கும், ஆனால் பூனை ஆண்டுக்கணக்கில் நன்றாகவே இருக்கலாம். எங்கள் குட்டிக்கு முதலில் பாசிட்டிவ், சில வாரம் கழித்து நெகட்டிவ். நடுவில் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. நெகட்டிவும் அப்படித்தான்: தொற்றி 30 நாள் ஆகாவிட்டால் டெஸ்டில் தெரியாமல் போகலாம்.

அப்புறம், பினாயில் ஊற்றி வீடு முழுக்கக் கழுவத் தேவையில்லை. வெளியே சில மணி நேரத்தில் செத்துவிடும் வைரஸ் இது. எச்சில், ஒன்றையொன்று நக்கிக்கொள்வது, கடி, தாயிடமிருந்து குட்டிக்கு, இவைதான் வழி. மனிதருக்கோ நாய்க்கோ வராது. தடுப்பூசி இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே தொற்றிய பூனைக்குப் பயனில்லை. அதனால் ஊசிக்கு முன் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.