கறையைக் கொட்டிவிட்டால் ஓவியமா?

சர்ரியலிஸ்ட் ஓவியர் இதெல் கொஹூன் என்று பேச்செடுத்தாலே, "தாளில் மையைக் கொட்டி அமுக்கினவர்தானே?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் ஒருமுறை அமுக்கிப் பார்க்கட்டும்.

மை உறிஞ்சாத வழவழப்பான தாள் வேண்டும். குவாஷ் என்கிற கெட்டியான நீர்வண்ணச் சாயத்தைத் தாராளமாகத் தடவி, காய்வதற்குள் இன்னொரு தாளை மேலே வைத்து அழுத்தி, ஓரத்திலிருந்து நிதானமாக உரிக்க வேண்டும். உரிக்கும்போது இடையில் காற்று புகுந்து சாயத்தைக் கிளைகிளையாகப் பிரிக்கும். இதுதான் அவர் கையாண்ட டெகால்கோமேனியா. தண்ணீர் கூடினால் கிளை பிரியாமல் குட்டை கட்டும். சாயம் கெட்டியானால் தாள் ஒட்டிக் கிழியும். அழுத்தும்போது தாள் நகர்ந்தால் மொத்தமும் ஈஷிக்கொள்ளும்.

பார்ஸ்மாஜ் அவரே கண்டுபிடித்த முறை. கரித்தூளைத் தண்ணீர்மேல் தூவி, பரப்பை ஒட்டினாற்போல் தாளை விட்டு எடுப்பது. தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் அடிக்காவிட்டால் விரல் பட்டதும் போச்சு.

ஆனால் கறை விழுந்த பிறகுதான் அவருடைய வேலையே ஆரம்பம். அதையே பார்த்துக்கொண்டிருந்து, உள்ளிருக்கும் உருவத்தைப் பிடித்து, தூரிகையால் இழைத்து வெளியே கொண்டுவருவார். கறையில் உருவம் தேடுவதைக் குறி சொல்வதோடு சேர்த்து 1949-ல் கட்டுரையே எழுதினார்.

கை தேர்ந்த கை. 1906-ல் ஷில்லாங்கில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கிலாந்து போய், லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1938-ல் வரைந்த 'ஸ்கில்லா'வைப் பாருங்கள்: தெளிந்த நீரிலிருந்து இரண்டு பாறைகள், நடுவே நுழையும் படகு, அடியில் கடற்பாசி. கொஞ்ச நேரம் பார்த்தால் பாறைகள் குளியல்தொட்டியில் கிடக்கும் பெண்ணின் தொடைகளாகிவிடும். இதில் தற்செயல் எங்கே இருக்கிறது?

மறைஞானக் குழுக்களை விடமாட்டேன் என்றதால் 1940-ல் லண்டன் சர்ரியலிஸ்டுகள் அவரை வெளியே அனுப்பினார்கள். கனவு, ஆழ்மனம் என்று முழங்கியவர்கள் இதற்குப் போய் மிரண்டது வேடிக்கைதான். அவர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலில் குடியேறி, 1988-ல் இறக்கும்வரை தன் போக்கிலேயே வரைந்தார்.

1977-ல் காட்சிக்கு வைத்த டாரோ சீட்டுகள், அதாவது குறி பார்க்கும் சீட்டுகள், என் வாதத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சல். 78 சீட்டுகள், ராஜா, ராணி எவரும் இல்லை, எனாமல் பெயின்ட் ஓடிக் கலந்த வண்ணங்கள் மட்டுமே. உருவம் தேடி இழைப்பதையே கைவிட்டிருக்கிறார். ஆனாலும் எந்தச் சீட்டுக்கு எந்த நிறம் என்பதைக் கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தின் நிற அட்டவணையை வைத்து முடிவுசெய்த பிறகே டப்பாவைத் திறந்தார்.