ஸ்பீச் தெரபி படிக்க வருகிறவர்களுக்குக் கடைசியாகக் கிடைக்கும் பாடம்

பிளஸ் டூ முடிவும் நீட் மதிப்பெண்ணும் வெளியானதும் ஒவ்வோர் ஆண்டும் தெரிந்த குடும்பங்களிலிருந்து என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: “எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, பி.ஏ.எஸ்.எல்.பி. சேர்த்துவிடலாமா, வேலை கிடைக்குமா?” கேட்டல், பேச்சு, மொழிக் குறைபாடுகளைக் கையாளக் கற்றுத்தரும் இளநிலைப் பட்டப்படிப்பு அது. வேலை கிடைப்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வேலை என்னவென்று கேட்பவர்கள் மிகக் குறைவு. குழந்தைகளைப் பிடிக்கும், அதனால் குழந்தைகளுக்கான ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் மாணவிகளை நான் நிறையச் சந்திக்கிறேன். இந்தத் தொழிலில் பாதிக்கு மேற்பட்ட வேலை குழந்தையிடம் இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடமும் பாட்டியிடமும்தான் இருக்கிறது என்பதையும், நம் கல்லூரிகள் அந்தப் பாதியைப் போதிய அக்கறையோடு கற்றுத்தருவதில்லை என்பதையும், மாணவர்களின் பயிற்சியை மேற்பார்வையிடுபவள் என்ற முறையில் எழுதத் தோன்றியது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகள், அவற்றில் கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப். 1965-இல் தொடங்கப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இத்துறையின் தாய்வீடு. சென்னையில் போரூர் ராமச்சந்திரா நிறுவனமும், அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் பலருக்கும் தெரிந்தவை. எந்தக் கல்லூரியானாலும், இப்படிப்புகளை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) ஒப்புதல் இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். மன்றத்தில் பதிவு செய்யாமல் தொழில் செய்பவருக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்கிறது. (அந்த ஆயிரம் ரூபாய், சில தனியார் மையங்களில் ஒரு நாள் அமர்வுக்கு வாங்கும் கட்டணம்தான், பெயர்ப்பலகை மட்டும் வைத்துக்கொண்டு நடத்துபவர்கள் ஏன் அஞ்சுவதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.)

முதலாண்டில் எழும் முணுமுணுப்பு, பேச்சைப் படிக்க வந்த நாங்கள் டெசிபலையும் ஒலி அலையையும் எதற்குப் படிக்க வேண்டும் என்பது. இரண்டு வயதாகியும் பேசாத குழந்தை வந்தால் முதலில் காது கேட்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கதவு தட்டினால் திரும்புகிறான், ஆகவே நன்றாகவே கேட்கிறது என்று வீட்டார் உறுதியாகச் சொல்வார்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்பும் அதே குழந்தைக்குச் ‘ச’வும் ‘ப’வும் காதில் விழாமலிருக்கலாம். ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பார்க்கும் பெரா பரிசோதனை குழந்தை தூங்கும்போது எடுக்கப்படுவது. முந்தைய இரவு குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, விடியற்காலைப் பேருந்திலும் கண்ணயர விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்து சேரும் தாயை ஒருமுறை பார்த்த மாணவி அதற்குப் பிறகு ஒலியியல் பாடத்தைக் குறைசொல்வதில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மூன்று வயதுச் சிறுவன் ஒருவனோடு உட்கார்ந்ததைச் சொல்கிறேன். படஅட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி “இது என்ன? இது என்ன?” என்று கேட்டுக்கொண்டே போனாள். அவன் அட்டையைத் தட்டிவிட்டுக் கதவருகே போய் நின்றுகொண்டான். கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, சோப்புக் குமிழி விடும் டப்பாவைத் திறந்து நான்கைந்து குமிழிகளை ஊதி, மூடியை இறுக்கமாகத் திருகி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்படி அவளிடம் சொன்னேன். அந்தச் சும்மா இருத்தல் மாணவர்களுக்கு மிகக் கடினம். மதிப்பெண் போடுபவர் பக்கத்திலிருக்கும்போது பேசாமலிருப்பது வேலை செய்யாமலிருப்பதைப் போல அவர்களுக்குத் தோன்றுகிறது. சிறுவன் மூடியைக் கடித்துப் பார்த்தான், தரையில் தட்டிப் பார்த்தான், பிறகு டப்பாவை அவள் மடியில் வைத்து முகத்தைப் பார்த்து “ஊ” என்றான். “ஊதணுமா? ஊதலாம்!” என்று அவள் ஊதினாள். எந்த அட்டைக்கும் கிடைக்காத ஒலி அது.

ஆனால் அன்றைக்கு நடக்க வேண்டிய முக்கியமான வேலை அதற்குப் பின்புதான் இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை முக்கால் மணி நேரம் எங்களிடம் இருக்கும் குழந்தை மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறது. குழந்தை தானாகக் கேட்கும்வரை காத்திருக்கும் இதே முறையை, அலமாரியில் எட்டாத உயரத்தில் இருக்கும் பிஸ்கட் டப்பாவை வைத்தோ, குளிக்கும்போது ஊற்றும் தண்ணீரை வைத்தோ வீட்டில் எப்படிச் செய்வதென்று அந்தத் தாய்க்குக் காட்டி, அவரையே நம் முன்னால் ஒருமுறை செய்ய வைக்க வேண்டும். மாணவியோ அச்சடித்த தாளொன்றைக் கொடுத்து, “வீட்டுல நிறையப் பேசுங்கம்மா” என்று முடித்துவிட்டாள். நிறையப் பேசுவது எப்படியென்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை.

பாட்டிமார்களிடம் பேசுவது இன்னொரு கலை. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவியிருப்பார்கள், தெருவில் வந்த கழுதைப் பாலை ஒரு சங்கு வாங்கிப் புகட்டியிருப்பார்கள், “இவன் அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்” என்பார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கும் மாணவர் அந்த வீட்டை அன்றே இழந்துவிடுகிறார். கழுதைப் பாலால் பேச்சு வராது என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேரனோடு பகல் முழுவதும் இருக்கப்போவது அந்தப் பாட்டிதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

இத்தோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. பாடநூல்களில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் ஆங்கிலக் குழந்தைகளுடையவை. நம் குழந்தை காக்காவைத் ‘தாத்தா’ என்கிறது. அது பல மொழிகளிலும் காணப்படும் வளர்ச்சிப் படிதான், வயதைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆனால் தென் மாவட்டத்துக் குழந்தை ‘வாளப்பளம்’ என்றால், அதன் தாயும் தாத்தாவும் அப்படித்தான் சொல்கிறார்களா என்று கேட்காமல் ழகரப் பிழை என்று எழுதிவைப்பது குழந்தையின் குறையன்று, எழுதியவரின் குறை. எழுத்துத் தமிழில் கேட்டு, வீட்டுத் தமிழில் வரும் பதிலைத் தவறென்று குறிக்கும் தாள்களை இன்றும் பார்க்கிறேன்.

இதைவிடக் கேடானது, பேச்சு தாமதமான குழந்தையின் பெற்றோரிடம் “தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்” என்று அறிவுரை சொல்வது. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை என்பது இத்துறையில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆங்கிலம் தடையின்றி வராத தாய், பிள்ளையோடு பேசுவதையே குறைத்துக்கொள்வார். பிறகு “கம்”, “சிட்”, “ஈட்” என்ற கட்டளைகள்தான் அந்த வீட்டில் மிஞ்சும். தாயின் வாயை அடைத்துவிட்டுக் குழந்தையின் வாயைத் திறக்க முயல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கும் முன், ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் அனுமதி கேட்டு, உள்ளே நடக்கும் அமர்வை மட்டுமல்லாமல் அது முடிந்தபின் பெற்றோரிடம் நடக்கும் உரையாடலையும் கவனித்துப் பாருங்கள். அதில் மனம் ஒட்டவில்லையென்றால் இப்படிப்பு உங்களுக்கு ஒத்துவராது. கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. செய்முறைத் தேர்வில் குழந்தையோடு நடத்தும் அமர்வுக்கு மதிப்பெண் இருக்கிறது. மாணவர் சொல்லிக்கொடுத்ததைத் தாய் தம் கையால் செய்து காட்டினாரா என்பதற்கும் தனியே மதிப்பெண் வையுங்கள். அச்சடித்த தாளுக்கு வேண்டாம்.