அது மறைந்திருந்த சக்தி இல்லை

ஆடிப்பெருக்கு அன்று படித்துறை மேடையில் நடந்ததை நம் ஊரில் பலரும் பார்த்தீர்கள். அந்த ஒன்பது வயதுப் பெண் சிலம்பத்தில் இரட்டைக் கம்பு சுற்றி முடித்ததும் மைக் பிடித்தவர் சொன்னார்: "இதெல்லாம் பயிற்சியில வர்றதில்லைங்க. அந்தச் சீனத் தொடர்ல வர்ற பிள்ளை மாதிரி, இவளுக்குள்ள மறைஞ்சிருந்த சக்தி!" ஒரே கைதட்டல். மேடைக்குக் கீழே நின்ற மற்றப் பதினோரு பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அதில் ஒருவன் என் மகன்.

அந்தப் பெண்ணின் உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன். கொப்புளம் உடைந்து காய்ப்பு ஏறிய கை. இரண்டு வருடமாக ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆற்று மணலில் நிற்கிறாள், தண்ணீர் வந்துவிட்டால் கோயில் திடலில். முதல் மூன்று மாதம் வாத்தியார் கம்பையே தரவில்லை, காலடி மட்டும்தான். அப்புறம்தான் நெற்றி உயரத்துக்குக் கம்பு. இதில் எது மறைந்திருந்தது?

தொடரைக் குறை சொல்லவில்லை. நானும் பார்க்கிறேன். ஊரே ஒதுக்கிவைத்த பிள்ளை, அம்மா அடிபட்டு விழுந்ததும் உடம்பெல்லாம் ஒளியாகி எழுந்து நிற்கும்போது அழுதிருக்கிறேன். ஆனால் அந்தச் சீனர்களே 'குங்ஃபூ' என்ற சொல்லுக்குக் காலமும் உழைப்பும் கொடுத்துச் சேர்த்த திறமை என்றுதான் பொருள் வைத்திருக்கிறார்கள். சண்டை மட்டுமில்லை, சமையலுக்கும் அந்தச் சொல் பொருந்தும். அங்கேயும் பிள்ளைகள் தொடை நடுங்க நடுங்கக் குதிரை நிலையில் நின்றுதான் தொடங்குகிறார்கள். தொடரில் அந்த வருடங்கள் அரை நிமிடத்தில் ஓடிவிடுகின்றன. கதைக்கு அது போதும். மேடையில் நிற்கும் பிள்ளைக்குப் போதாது.

"சீர்காழியில் மூன்று வயதுப் பிள்ளை பதிகம் பாடவில்லையா? சுவாமிமலையில் தகப்பனுக்கே உபதேசம் நடக்கவில்லையா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, சம்பந்தர் அம்மையிடம் ஞானப்பால் குடித்தார், முருகன் சாமி. இரண்டு பேரையும் கும்பிடுகிறேன். அதைக் காட்டி மற்றப் பிள்ளைகளுக்குள் ஒன்றும் இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

"பாராட்டத்தானே செய்தார், இதுக்குப் போய் இவ்வளவா?" என்கிறார்கள். இவ்வளவுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இருந்தது. அங்கே நின்ற பிள்ளைகளிடம் போய், "நீங்க உழைக்கலை, உங்களுக்குள்ள இருந்தது" என்று சொல்ல முடியுமா? பாராட்டு மாதிரி இருக்கிறது. அந்தப் பெண்ணின் இரண்டு வருடத்தையும் பிடுங்கிக்கொள்கிறது.

நானும் கம்பு பிடித்தவள். பன்னிரண்டு வயது வரைக்கும். பெரியவளானதும் அப்பாயி என் கம்பை வாங்கிப் பரணில் போட்டுவிட்டார். "உன் நல்லதுக்குத்தாண்டி" என்றார். அந்தத் தொடரிலும் குரு பிள்ளையின் சக்தியை முத்திரை போட்டு அடைக்கிறார், எதிரிகளிடமிருந்து காப்பாற்ற. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை. என் கைக்கு வந்த வீச்சு எனக்குள் ஒளிந்திருக்கவில்லை. வெளியே, எல்லார் கண்ணுக்கும் தெரிய இருந்ததைத்தான் எடுத்துப் பரணில் வைத்தார்கள். அப்பாயி மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அவர் இப்போது இல்லை.

அன்று மேடை ஏறாமல் கீழே நின்ற பிள்ளைகளின் பெயரையாவது அந்த மைக்கில் ஒரு தடவை படித்திருக்கலாம்.

அன்று ராத்திரி மகன் கேட்டான்: "அம்மா, எனக்குள்ள ஒண்ணும் இல்லதானே?"

என்ன சொல்லியும் அவன் கேட்கவில்லை. இந்த ஞாயிறு எழுந்திருக்கவே இல்லை. கம்பு கதவுக்குப் பின்னால் சாய்ந்தே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவனைக் கூட்டிக்கொண்டு நானும் திடலுக்குப் போகிறேன், கற்றுக்கொள்ள. வாத்தியாரிடம் பேசிவிட்டேன். "முதல்லேருந்து காலடி போடுங்கம்மா, கம்பைக் கார்த்திகையில பார்ப்போம்" என்றார்.