பாலைவனத்தில் ஹாக்கி பார்க்க ஆளில்லையாம்

அந்தப் பதிவை நேற்றிலிருந்து பலர் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். யார் எழுதியது, ஏன் என் பெயரை அதில் இணைத்தார் என்பதெல்லாம் நம் வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். "பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி வைத்தால் யார் பார்ப்பார்கள்? அதனால்தான் யூட்டாவுக்கு ஓடிவிட்டார்கள்" என்று இரண்டே வரி. கீழே வரிசையாகச் சிரிப்புகள். அதை எழுதிய அண்ணன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

அவர் கிண்டல் செய்வது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் NHL என்ற ஐஸ் ஹாக்கி லீக்கில் ஆடிய கயோட்டிஸ் அணியை. அது பார்க்க ஆளில்லாமல் போகவில்லை. ஆட இடமில்லாமல் போனது.

1996இல் கனடாவின் வினிபெக்கிலிருந்து அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கம். சில இருக்கைகளில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்து கோல் கம்பமே சரியாகத் தெரியாது. 2003இல் சொந்த அரங்கம் என்று கிளெண்டேலுக்குப் போனார்கள். அது நகரத்தின் மேற்கு ஓரம். ரசிகர்களில் பெரும்பாலோர் இருப்பதோ ஸ்காட்ஸ்டேல், டெம்பி, சாண்ட்லர் என்று கிழக்கே. வேலை நாளில் அலுவலகம் முடிந்து அந்த நெரிசலில் போய்ச் சேர்வதற்குள் முதல் பகுதி ஆட்டம் முடிந்துவிடும். 2009இல் அணி திவால். உரிமையாளர் கிடைக்காமல் 2013 வரை லீக்கே அணியை நடத்தியது. ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருடம் வேறு ஊர்" என்ற செய்தி. அப்படியிருந்தும் 2012இல் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தபோது அரங்கம் முழுக்க வெள்ளைச் சட்டைகள். அண்ணன் அப்போது இந்த ஊரில்தான் இருந்தார்.

"இருக்கைகள் காலியாக இருந்தனவே" என்பீர்கள். இருந்தன. நாளைக்கு இருக்குமா என்று தெரியாத அணிக்கு, ஒரு மணி நேரத் தொலைவில், வருடம் முழுவதற்குமான டிக்கெட்டை நீங்கள் வாங்குவீர்களா? தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்துக்கு இருக்கும் கூட்டம் ஹாக்கிக்கு இல்லை என்பீர்கள். அதுவும் உண்மை, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

லாஸ் ஏஞ்சலஸைப் பாருங்கள். நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். 1995இல் ராம்ஸ், ரெய்டர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கால்பந்து அணிகளும் கிளம்பிப் போயின. 2016 வரை அங்கே அந்த விளையாட்டின் முதன்மை லீக்கான NFL அணி ஒன்றுகூட இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்குக் கால்பந்து பிடிக்காது என்று யாராவது சொன்னார்களா? 2008இல் சியாட்டிலின் கூடைப்பந்து அணியை ஓக்லஹோமாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் சியாட்டில் ரசிகர்களுக்காகப் பரிதாபப்பட்டார்கள். பெரிய விளையாட்டு ஊரைவிட்டுப் போனால் முதலாளியின் குற்றம். சின்ன விளையாட்டு போனால் ரசிகனின் குற்றம். இந்தக் கணக்குதான் எனக்குப் புரியவில்லை.

பாலைவனம்தான் காரணம் என்றால் லாஸ் வேகஸ் என்ன பனிப்பிரதேசமா? 2017இல் அணி தொடங்கி 2023இல் லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையையே வென்றுவிட்டார்கள். 2024, 2025 இரண்டு வருடமும் கோப்பை போன இடம் வெயில் ஊரான ஃபுளோரிடா. இன்று உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான ஆஸ்டன் மேத்யூஸ் வளர்ந்தது ஸ்காட்ஸ்டேலில், சிறுவயதில் பார்த்து வளர்ந்தது இந்தக் கயோட்டிஸ் அணியை. 2016இல் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் தேர்வு அவர்தான். முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல். யாரும் பார்க்காத ஊரில் அவர் எப்படி வந்தார்?

2023இல் டெம்பி மக்கள் அணிக்கான புதிய அரங்கத் திட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்களே என்று ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். அது 210 கோடி டாலர் திட்டம். நிலம், வரிச்சலுகை, குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்த கேள்வி. வேண்டாம் என்று வாக்களித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹாக்கி பிடிக்குமா என்று அந்த வாக்குச்சீட்டில் யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையோடு திரிந்த பையன்களைத் தமிழ்நாடு முழுக்க அறியும். நாடே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் மே மாத வெயிலில் மைதானத்தைச் சுற்றி நின்று வெளியூர் அணிகளின் ஆட்டத்தைப் பார்த்தோம். கல்யாண வீடுகளில் உறவினர்கள் கேட்பார்கள்: "இதையெல்லாம் யாரப்பா பார்க்கிறார்கள்?" நான் பார்க்கிறேன் மாமா, என் அண்ணன் பார்க்கிறான், எங்கள் தெருவே பார்க்கிறது. அந்தப் பதில் அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. நாங்கள் அவர்கள் கணக்கில் ஆட்களே இல்லை. கடல் தாண்டி வந்தும் அதே கேள்வியை, அதுவும் நம் ஆள் ஒருவர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.

2024 ஏப்ரல் 17, யூட்டாவுக்குப் போகும் முன் கயோட்டிஸின் கடைசி ஆட்டம். எட்மன்டன் அணியை 5-2 என்று வென்றார்கள். சொந்த அரங்கம் இல்லாமல் அப்போது அவர்கள் ஆடியது பல்கலைக்கழக வளாகத்தில், ஐயாயிரம் பேர்கூட உட்கார முடியாத அரங்கத்தில். கட்டுப்படியாகும் விலையில் டிக்கெட் கிடைக்காமல் வீட்டிலிருந்து பார்த்தோம். பல வருடம் கயோட்டிஸின் அணித்தலைவராக ஆடிய ஷேன் டோனின் மகன் ஜோஷ் அந்த அணியில் ஆடினான். அப்பா ஆடியதைப் பார்த்தவர்கள் மகன் ஆடுவதையும் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் அணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்தும் ரசிகர்கள் எழுந்து போகவில்லை. என் மகள் தேம்பித் தேம்பி அழுதாள். அவளிடம் போய் "இதை யார் பார்க்கிறார்கள்" என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணா, கிரிக்கெட்டைப் பற்றி எழுதுங்கள், கால்பந்தைப் பற்றி எழுதுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். அந்தப் பதிவிலிருந்து என் பெயரை மட்டும் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.