ஆடுகிறவரின் காதருகே பேசாதீர்கள்

சதுரங்கம் ஆடுகிறவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே, அவர் சும்மாதான் இருக்கிறார், இரண்டு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பூப்பந்துத் திடலுக்குள் ஆட்டத்தின் நடுவே யாரும் குறுக்கே நடப்பதில்லை. அதே சமூக மன்றத்தின் பக்கத்து அறையில் நாங்கள் வாரயிறுதியில் பலகையை விரித்து, கடிகாரத்தை ஓடவிட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது மட்டும், கதவைத் தடாலென்று திறப்பதும், நாற்காலியைத் தரையில் தேய்த்து இழுப்பதும், "இன்னும் முடியலையா?" என்று தோள்மீது குனிந்து கேட்பதும் எல்லாருக்கும் எழுதிக்கொடுத்த உரிமைபோல் நடக்கின்றன. பல காலம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். இனிப் பொறுக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் ஆடுகிறவரின் மனத்தில் என்ன நடக்கிறது என்று இவர்களில் ஒருவராவது யோசித்திருப்பாரா? பலகையில் கண்ணுக்குத் தெரிகிற நிலை ஒன்று. அவர் பார்த்துக்கொண்டிருப்பதோ நான்கைந்து நகர்த்தல்களுக்குப் பிறகு வரப்போகும் நிலை. அங்கே குதிரை வேறு கட்டத்துக்குப் போயிருக்கும், இரண்டு சிப்பாய்கள் வெட்டுப்பட்டிருக்கும், எதிராளியின் ராஜா மூலைக்கு ஒதுங்கியிருக்கும். அவற்றில் எதுவும் பலகையில் இல்லை. எல்லாம் நினைவில் மட்டுமே நிற்கின்றன. எதிராளி இப்படி ஆடினால் இது, அப்படி ஆடினால் அது என்று அந்த நிலையிலிருந்து கிளை பிரித்து எண்ணும்போது ஒரு குரல் குறுக்கிட்டால், கடைசியாக எண்ணிய கிளை மட்டும் போவதில்லை, மொத்தமும் கலைந்துவிடுகிறது. மறுபடியும் முதல் நகர்த்தலிலிருந்து தொடங்க வேண்டும். கடிகாரமோ நிற்காது. நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலாகக் கிடைக்கும் ஆட்டத்தில்கூட, அந்த 30 விநாடி ஆடுவதற்காகத் தரப்படுவதே தவிர, பிறர் கலைத்ததைத் திரும்ப அடுக்குவதற்காக அன்று.

வெறும் சத்தத்தையாவது ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். யோசனை சொல்கிறவர்களைத்தான் தாங்கவே முடியவில்லை. அண்மையில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கட்டங்கள் பதித்த கல்மேசையில், நண்பர் ஒருவருடன் ஆடிக்கொண்டிருந்தேன். இருவரிடமும் ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும்தான் எஞ்சியிருந்தன. அத்தகைய இறுதியாட்டத்தில் ஒரே ஒரு நகர்த்தல் முந்துவதிலும் பிந்துவதிலும்தான் வெற்றியும் சமநிலையும் பிரிகின்றன. பையில் கட்டிய காப்பியுடன் வந்து நின்ற அண்ணன் ஒருவர் சற்று நேரம் பார்த்தார்; பிறகு விரலை நேராகப் பலகைக்குள் நீட்டி, "தம்பி, யானையைக் கடைசி வரிசைக்கு இறக்குங்க, அந்தச் சிப்பாய் தானா மாட்டும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே நகர்த்தலைத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடமாக அதன் மறுபக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை ஆடினால் அது அவர் சொல்லி ஆடியதாகிவிடும். ஆடாவிட்டால் நல்ல நகர்த்தலைத் தெரிந்தே கைவிட்டதாகிவிடும். எதிரே இருந்த நண்பருக்கும் அநியாயம்தான்: ஒருவரோடு ஆட உட்கார்ந்தவர், கேளாமலே இருவரோடு ஆட வேண்டியதாயிற்று. ஒரே வாக்கியத்தில் இரண்டு பேருடைய உழைப்பு வீணாகிப்போனது. காய்களைப் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டோம். நாங்கள் ஏன் எழுந்தோம் என்பதுகூட அவருக்கு விளங்கவில்லை.

சீனச் சதுரங்கப் பலகைகள் பலவற்றில், நடுவே ஆறு ஓடுகிற பகுதியில், ஆட்டத்தைப் பார்த்தும் வாய் திறவாதவரே உண்மையான பண்பாளர் என்ற பொருளில் ஒரு பழமொழியை அச்சிட்டிருப்பார்கள். சிங்கப்பூரின் சைனாடவுனில் முதியவர்கள் ஆடும் இடங்களிலும் வாய்விட்டு யோசனை சொல்கிறவர்கள் உண்டு. எனினும் குற்றம் யார்மீது என்பதைப் பலகையே சொல்லிவிடுகிறது. நம்மவர்களிடம் நிலைமை தலைகீழ். பேசியவரைத் தடுத்தால், தடுத்தவரைத்தான் தலைக்கனம் பிடித்தவர் என்கிறார்கள்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டு, பல்கேரியாவின் புளோவ்திவ் நகரில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போது ஃபிடே என்ற உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் உலக வெற்றியாளராக இருந்த ருஸ்லான் பொனமாரியோவின் கைப்பேசி ஒலித்தது. அந்த ஆட்டத்தில் அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. உலக வெற்றியாளருக்கே அந்தத் தண்டனை. எங்கள் அறையில் பார்வையாளரின் பேசி ஒலித்தால் அவர் அதை எடுத்து, "இங்கதான் இருக்கேன், செஸ் பாத்துக்கிட்டிருக்கேன், சொல்லு" என்று உள்ளே நின்றபடியே பேசுகிறார். ஆட்டக் கூடத்திலும் அதை ஒட்டிய பகுதியிலும், நடுவரின் அனுமதியின்றி யாரும் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிடே விதி தெளிவாகச் சொல்கிறது. யாரும் என்றால் பார்வையாளரும் அதில் அடக்கம்.

எதிராளியே தொல்லை கொடுக்கும் கொடுமை தனி. வெட்டிய காயைக் கையில் வைத்துக்கொண்டு மேசையில் தட்டிக்கொண்டே இருப்பார், என் கடிகாரம் ஓடும்போது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பார், நான் தலையசைத்து மறுத்த பிறகும் நகர்த்தலுக்கு ஒருமுறை "சமநிலையா?" என்று கேட்பார். எதிராளியை எவ்வகையிலும் திசைதிருப்பவோ எரிச்சலூட்டவோ கூடாது என்று விதி 11.5 கூறுகிறது; நியாயமற்ற முறையில் சமநிலை கேட்பதையும், ஆட்ட இடத்தில் ஒலி எழுப்பும் எதையும் கொண்டுவருவதையும் அது பெயர் சொல்லியே தடுக்கிறது. இதை எடுத்துச் சொன்னால், "நட்பா ஆடுறதுல விதியெல்லாம் எதுக்கு?" என்று பதில் வருகிறது. நட்புக்காக ஆடும் ஆட்டத்திலாவது எதிரே இருப்பவர்மீது கொஞ்சம் அக்கறை இருக்க வேண்டாமா?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது ஓர் அறிவுரை: "உண்மையான ஆட்டக்காரனுக்கு எதுவும் இடைஞ்சலாகாது; நீங்கதான் மனசை ஒருமுகப்படுத்தப் பழகணும்." இதைச் சொல்கிறவர்கள் முன்னாள் உலக வெற்றியாளர் போத்வின்னிக்கைச் சான்றுக்கு அழைக்கிறார்கள். பயிற்சி ஆட்டங்களில் தம் முகத்தில் புகையை ஊதச் சொல்லிப் பழகியவர் அவர் என்பது உண்மைதான். ஏன் அப்படிப் பழகினார்? அந்தக் காலத்தில் எதிராளிகள் ஆட்ட மேசையிலேயே புகைத்தார்கள், அதைத் தடுக்க வழியில்லை. பிற்காலத்தில் சதுரங்க உலகம் என்ன முடிவெடுத்தது? எல்லாரும் புகைக்குப் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதா? நடுவர் குறித்துக்கொடுத்த இடத்தைத் தவிர வேறெங்கும் புகைக்கக் கூடாது என்று விதியே எழுதிவிட்டது. புகை பிடித்தவரைத்தான் வெளியே அனுப்பினார்கள், இருமியவரை அன்று. 1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில், ஸ்பாஸ்கியுடன் ஆடிய உலக வெற்றியாளர் போட்டியில், படக்கருவிகள் தொல்லை தருவதாகப் பாபி ஃபிஷர் முறையிட்டு, இரண்டாவது ஆட்டத்துக்கே வராமல் புள்ளியை இழந்தார். அவரது பிடிவாதம் அளவு கடந்தது என்பதே என் கருத்து. இருந்தும், மூன்றாவது ஆட்டம் பார்வையாளர்கள் இல்லாத பின்னறையில் நடந்தது. ஸ்பாஸ்கியை அவர் முதன்முதலாக வென்றதும் அந்த ஆட்டத்தில்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2024 நவம்பர், டிசம்பரில் நம் செந்தோசாத் தீவிலேயே உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. 14ஆவது ஆட்டத்தில் வென்று, 18 வயதில் குகேஷ் பட்டம் பெற்றபோது இங்குள்ள தமிழர்கள் எவ்வளவு பூரித்தோம்! குகேஷும் அதுவரை வெற்றியாளராக இருந்த டிங் லிரனும் ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் அமர்ந்து ஆடினார்கள். மன ஒருமைப்பாட்டில் உலகத்திலேயே தேர்ந்த இருவருக்கு அந்த அமைதி தேவைப்பட்டது என்றால், நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து ஆடுகிற எங்களுக்கு அது தேவையில்லை என்று எந்த நியாயத்தில் சொல்கிறார்கள்?

சிறுவர் போட்டிகளைப் பார்த்தபோதுதான் என் கோபம் முழுமையடைந்தது. கயிற்றுக்கு அப்பால் பெற்றோர் நிற்கிறார்கள். பிள்ளை தவறான காயை நோக்கிக் கை நீட்டினால் ஒருவர் இருமுகிறார், ஒருவர் பெருமூச்சு விடுகிறார். என் மகள் ஆடிய ஓர் ஆட்டத்தில், எதிரே இருந்த சிறுவனின் தாயார், "கண்ணா, குதிரையைப் பாரு" என்று தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். நடுவர் தமிழ் அறியாதவர். அவருக்குத் தெரியாது என்ற துணிவில் சொன்னதுதான் அது. ஆனால் என் மகளுக்குத் தமிழ் தெரியும். அவள் தலையை நிமிர்த்தி அந்தப் பெண்மணியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஏன் நடுவரைக் கூப்பிடவில்லை என்று பிறகு கேட்டபோது, "ஆன்டியைப் பத்தி எப்படிப்பா கம்ப்ளைன் பண்றது?" என்றாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று நாம் வளர்த்த பிள்ளையின் பணிவையே பெரியவர் ஒருவர் பயன்படுத்திக்கொண்டார். அந்தச் சிறுவனுக்கும் அது நன்மையில்லை; தானே அந்தக் குதிரையைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய வாய்ப்பை அவனிடமிருந்து பறித்ததும் அந்தத் தாயார்தான்.

நடுவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. குறுக்கிடும் பார்வையாளரை வெளியேற்ற அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. தொல்லை தரும் ஆட்டக்காரரின் நேரத்தைக் குறைக்கவும், பாதிக்கப்பட்டவரின் நேரத்தைக் கூட்டவும் விதி இடம் தருகிறது. இருந்தும் பெரும்பாலோர் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். நான் இனி அப்படி விடப்போவதில்லை. உதவி கேட்பதற்காகக் கடிகாரத்தை நிறுத்த ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. யார் பேசினாலும், அவர் எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்து, இழந்த நேரத்தைத் திருப்பித் தரும்படி கேட்பேன். அவ்வாறே கேட்க வேண்டும் என்று என் மகளிடமும் சொல்லியிருக்கிறேன்.