மீடியா ஆஃப்லைனாம்!

வீடியோ எடிட்டிங் மென்பொருளில் நாம் சேமிக்கிற ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் பெரும்பாலும் வீடியோ இருக்காது. அது எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். நல்ல பிள்ளையாக ஒரு ஃபோல்டரின் பெயரைத் திருத்தினால் போச்சு, திரை முழுக்க சிவப்பு: 'மீடியா ஆஃப்லைன்', அதாவது வீடியோவைக் காணோமாம். ஒழுங்குபடுத்துகிறவனுக்குத் தண்டனை!

சரி, தேடி இணைக்கலாம் என்றால் கேமரா வைக்கிற பெயர்கள் இருக்கின்றனவே... 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001. கார்டை மாற்றினால் சில கேமராக்கள் அப்போதே முதலிலிருந்து ஆரம்பித்துவிடும். பிறந்தநாள் கேக் வெட்டுகிற இடத்தில் கடல் அலை அடிக்கிறது, இரண்டு ஃபைலுக்கும் ஒரே பெயர். ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த கார்டு என்றால் இன்னும் விசேஷம்: 4 ஜிபியைத் தாண்டியதும் ஒரே காட்சி துண்டு துண்டாகிவிடும்.

வேகத்துக்காக மென்பொருள் தானே உருவாக்கிக்கொள்கிற கேஷ், ப்ரிவியூ ஃபைல்களை அழித்தாலும் திரும்ப உருவாகிவிடும், தெரியும். அவற்றை அசல் வீடியோவுக்கு நடுவிலேயே கொட்டி வைக்கிற மென்பொருளை என்ன சொல்வது?

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டித் தரும் வசதியும் சில மென்பொருள்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வீடியோக்களை நகலெடுக்குமாம், அதற்கு அவ்வளவு காலி இடம் வேண்டுமாம். இடமில்லாமல்தானே ஐயா ஒழுங்குபடுத்தவே உட்கார்ந்தேன்!